விரல் இங்கே, எழுத்து அங்கே!

மாணவர்களே! சென்னையில் தம் வீட்டில் அமர்ந்தபடியே லண்டன் அலுவலகத்தின் கணினியில் ஒருவர் பணிபுரிவது இன்று புதுமையான செய்தியன்று. உங்கள் அக்காவோ அண்ணனோ கூட இவ்வாறு வேலை செய்யக்கூடும். இதற்குரிய ஏற்பாட்டை ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்பர். அங்குள்ள கணினியின் திரைக்காட்சி இங்கு வருகிறது. இங்கு நாம் அழுத்தும் விசை அங்கு செயல்படுகிறது.

ஒரு நாள் அக்கா திகைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறார். லண்டன் கணினியோ ‘தவறு’ என்கிறது. இன்னும் ஓரிரு முறை தவறினால் கணக்கே பூட்டப்படலாம். அன்றைய வேலையும் கெடும். விரல் தவறவில்லை, விசைப்பலகையும் பழுதில்லை. பின், பிழை எங்கே?

போவது எழுத்தன்று, எண்!

விசைப்பலகையில் நீங்கள் ‘ஏ’ என்ற விசையை அழுத்தும்போது ‘ஏ’ என்ற எழுத்து புறப்படுவதாகவே நினைப்பீர்கள். உண்மை அதுவன்று. அந்த விசை அமைந்துள்ள இடத்துக்குரிய எண்ணே புறப்படுகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலம் முதல் வழங்கிவரும் எண்முறையில் ‘ஏ’ விசையின் எண் 30. இடப்பக்க ஷிப்டின் எண் 42. மேல்வரிசையில் உள்ள 2 என்ற விசையின் எண் 3. எண்ணைப் பெற்ற கணினி தன்னிடமுள்ள ஓர் அட்டவணையைப் பார்த்து, இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று முடிவு செய்கிறது. இந்த அட்டவணைக்குத் தளக்கோலம் என்று பெயர்.

நம் நாட்டில் பெரிதும் வழங்குவது அமெரிக்கத் தளக்கோலம். அதில் ஷிப்டுடன் 2ஐ அழுத்தினால் @ கிடைக்கும். பிரிட்டிஷ் தளக்கோலத்திலோ அதே இரு விசைகள் இரட்டை மேற்கோள் குறியைத் தரும். அக்காவின் கடவுச்சொல்லில் ஒரு @ இருந்தது. லண்டன் கணினி பிரிட்டிஷ் அட்டவணையைப் பார்த்தது. கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் மாற்றம் கண்ணுக்குப் புலப்படவில்லை!

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பயனர் பெயருக்குரிய கட்டத்தில் @ அடித்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். தளக்கோலத்தை மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

மற்றொரு விந்தையும் உண்டு. ஒரு விசையை அழுத்துவதும் விடுவதும் இரு தனிச் செய்திகள். மேற்சொன்ன முறையில், விடும்போது 128 கூடிய எண் போகும். ‘ஏ’ விசைக்கு 158. ஆல்ட் விசையை அழுத்திய செய்தி லண்டனுக்குப் போய், விடுவதற்குள் நாம் இங்குள்ள வேறொரு சாளரத்துக்கு மாறிவிட்டால், ஆல்ட் இன்னும் அழுந்தியே இருப்பதாக லண்டன் கணினி நினைக்கக்கூடும். பிறகு எந்த விசையைத் தொட்டாலும் விபரீதந்தான்! அந்தச் சாளரத்துக்குத் திரும்பி, ஆல்ட்டை ஒருமுறை அழுத்தி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரு திரைகள், ஒரே வரைபடம்

பலர் இரண்டு திரைகளை வைத்து வேலை செய்கின்றனர். கணினிக்கு இவை இரண்டும் சேர்ந்து ஒரே வரைபடத்தாள். முதன்மைத் திரையின் இடது மேல் மூலையே ஆதிப்புள்ளி (0, 0). திரையின் அகலம் 1920 புள்ளிகள் எனில், வலப்பக்கத்துத் திரை 1920இல் தொடங்கும். இடப்பக்கத்துத் திரை −1920இல் தொடங்கும். மேசையில் திரை இடப்பக்கம் இருக்க, அமைப்பில் வலப்பக்கம் என்று குறித்துவிட்டால், மவுஸ் அம்பு எதிர்த்திசையில் ஓடுவதில் வியப்பென்ன?

1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 24 பிட் வீதம், வினாடிக்கு 60 படங்களை அப்படியே அனுப்பினால் சுமார் 300 கோடி பிட்கள் வேண்டும். இரு திரைகளுக்கு 600 கோடி! வினாடிக்கு 10 கோடி பிட் செல்லும் வீட்டு இணைப்பு இதைத் தாங்காது. ஆகவே திரையில் மாறிய பகுதி மட்டுமே சுருக்கி அனுப்பப்படுகிறது. அசையாத கடிதம் விரைவாகவும், ஓடும் திரைப்படம் தடுமாறியும் தெரிவது இதனால்தான்.

மாற்ற முடியாத ஒன்று

சென்னைக்கும் லண்டனுக்கும் நேர் தொலைவு சுமார் 8,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போய்த் திரும்பக் குறைந்தது வினாடியில் 1000இல் 82 பங்கு ஆகும். கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். எழுத்து உடனே தோன்றவில்லையே என்று மீண்டும் அழுத்தினால் இரண்டு எழுத்துகள் விழும்! இத்தாமதத்தை எந்த அமைப்பாலும் நீக்க இயலாது. தளக்கோலத்தையும் திரை வரிசையையும் நம்மால் திருத்த முடியும்.

செய்து பாருங்கள்

தமிழ்99 தளக்கோலம் உள்ள கணினியில் ‘எச்’ விசையை அழுத்துங்கள், ‘க’ தோன்றும். ஆங்கிலத்துக்கு மாற்றி அதே விசையை அழுத்துங்கள். ஆங்கில எழுத்து தோன்றும். இரு முறையும் விசை அனுப்பிய எண் ஒன்றேதான். அட்டவணைதான் மாறியது. இனி எழுத்து மாறி விழுந்தால் விசைப்பலகையைத் தட்டாதீர்கள், அட்டவணையைப் பாருங்கள்!