கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறம் மாறாமல் இருக்க...

தாத்தா பாட்டியின் பழைய கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து, கீறல்களை நீக்கி, பிரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்டுகிறீர்கள். சில மாதங்களில் அது பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிகிறது. ஏன்?

கலர் பிரிண்டர்கள் சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் சயான், மெஜந்தா, மஞ்சள் இங்க்குகளைக் கலந்தே தருகின்றன. மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. கலர் படத்தில் சிறு மாற்றம் கண்ணில் படாது. கறுப்பு வெள்ளையில் உடனே தெரிந்துவிடும்.

இங்க்

டை, பிக்மென்ட் என இங்க் இருவகைப்படும். டை இங்க்கில் சாயம் முழுதாகக் கரைந்திருக்கும். வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் அதை எளிதில் பாதிக்கும். பிக்மென்ட் இங்க்கில் நுண்ணிய துகள்கள் இருக்கும். கறுப்பு பிக்மென்ட் என்பது கார்பன்; ஒளியை நன்கு தாங்கும்.

எனவே பிக்மென்ட் இங்க்குடன், சாம்பல் நிறத்திற்கெனத் தனி இங்க் உள்ள பிரிண்டரே சிறந்தது. எப்சன் 2005-ல் கொண்டுவந்த கே3 இங்க் வரிசையில் கறுப்பு மட்டுமே மூன்று அடர்த்திகளில் இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். சில வீட்டு பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்றவை டை. போட்டோ பேப்பர் எனத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கறுப்பு பயன்படாமலே போகலாம். மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

பேப்பர்

அமிலம் இல்லாத, பருத்தி இழையால் ஆன பேப்பரைக் கேட்டு வாங்குங்கள். உடனே காயும் கிளாஸி பேப்பரில் நுண்துளைகள் அதிகம். டை இங்க்கால் அச்சிட்டுத் திறந்து வைத்தால் காற்றே நிறத்தைக் கெடுக்கும்.

பளீர் வெள்ளை பேப்பர்களில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கலாம். அது செயலிழந்தால் பேப்பர் மஞ்சளாகத் தெரியும். கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் அந்த ரசாயனம் உள்ளது.

மேட் பேப்பருக்கு மேட் பிளாக், கிளாஸிக்கு போட்டோ பிளாக் என இங்க்கையும் பொருத்துங்கள்.

வீட்டிலேயே சோதனை

ஒரே படத்தை இரண்டு பிரிண்ட் எடுங்கள். ஒன்றை வெயில் படும் ஜன்னலில் ஒட்டுங்கள். மற்றதை பீரோவில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பகலில் அருகருகே வைத்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால், அந்த இங்க் பேப்பர் ஜோடி சுவரில் மாட்டும் படத்திற்கு வேண்டாம்.

தேர்ந்தெடுத்த பிரிண்டை ஒரு நாள் காயவிட்டு, கண்ணாடி ஃபிரேமில் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். ஒரிஜினல் படத்தை மட்டும் மாட்டாதீர்கள். அது பீரோவிலேயே இருக்கட்டும்.