பாயில் பீஸ் கணக்கு இல்லை

விருதுநகர்

அன்பு மகளுக்கு, பெரியம்மா எழுதிக்கொள்வது.

போனில் நீ அழுததில் பாதிதான் புரிந்தது. மீதியை உன் அம்மா சொன்னாள். ரத்தம், தைராய்டு, எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு ஃபைப்ரோமயால்ஜியா என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்களாம். உன் மாமியார், "ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்ல, வேலைக்குப் போக வலிக்குது" என்றாராம். இதே பேச்சை நான் நாலு வருஷம் கேட்டிருக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மனசு சரியில்லம்மா, கோயிலுக்குப் போங்க" என்றார்கள். போனேன். திரும்பும்போது படி இறங்க முடியவில்லை.

உன் வலி நிஜம், தாயி. நம்ம ஊர் பங்குனிப் பொங்கலுக்குத் தெருவில் குழாய் ரேடியோ கட்டுவார்களே, பாட்டு அதேதான், சத்தத்தைக் கூட்டி வைத்தால் காது கிழிகிறது. மூளையும் நரம்பும் வலியின் சத்தத்தை அப்படிக் கூட்டி வைத்துவிட்டன. எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும்? விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருப்பதும், சொல்ல வந்த பேர் மறந்துபோவதும் இதோடு சேர்ந்ததுதான். மூட்டை அரிக்கிற வாதம் இல்லை இது. அந்தப் பயத்தை விடு.

யோகா செய்யலாமா என்று கேட்டாய். செய். நீ எப்படிச் செய்வாய் என்பதுதான் எனக்குக் கவலை. பீஸ் ரேட்டில் பழகிய கை உன்னுடையது. சரவெடி பின்னின நாளில் பக்கத்துப் பெண்ணைவிட ஒன்று கூடுதலாகப் பின்னினால்தான் உனக்குச் சோறு இறங்கும். 2018-ல் சுப்ரீம் கோர்ட் சரவெடிக்குத் தடை போட்டு, நீ பேக்கிங்குக்கு மாறியும் அந்த வேகம் குறையவில்லை. நானும் சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டினவள்தான். 144 பெட்டி ஒரு குரோஸ். 140-ல் முதுகு பிடித்தால் எவள் எழுந்திருப்பாள்? அதே புத்தியோடுதான் பாயிலும் உட்கார்ந்தேன். டிவியைப் பார்த்து முதல் நாளே குனிந்து கால் விரலைத் தொட்டேன். மூன்று நாள் படுக்கை.

அதனால் இப்படிச் செய். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் வை. தலைக்கு ஒரு துண்டு. மூச்சை நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. முட்டினால் எண்ணிக்கையைக் குறை. இழுக்கும்போது ஒரு கையை மெல்லத் தலைக்கு மேலே கொண்டுபோ, விடும்போது இறக்கு. தோள் இழுத்துப் பிடிக்கிற இடம் வருவதற்கு முன்பே நின்றுவிடு. கைக்கு மூன்று தடவை. முதல் வாரத்துக்கு அவ்வளவுதான். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழு. மறுநாள் வலி கூடினால் இரண்டாகக் குறை. உடம்பு லேசாக இருக்கிற நாளில் சேர்த்துச் செய்துவிடாதே. நாம் எல்லோரும் மாட்டிக்கொள்வது அன்றைக்குத்தான்.

இது நானாகச் சொல்வதில்லை. சென்னையில் யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றித்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் அவர் பேரிலேயே 'யோக மந்திரம்' என்ற யோகா பள்ளியைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், நம் நோய்க்கு இந்த வாயில் நுழையாத பேர் வந்ததும் அதே 1976-ல்தான்.

அமெரிக்காவில் ஒரிகானில் இந்த நோய் உள்ள 53 பெண்களை வைத்துப் பார்த்து 2010-ல் எழுதினார்கள். 8 வாரம் மெதுவான ஆசனம், மூச்சு, தியானம் செய்தவர்களுக்கு வலியும் அசதியும் குறைந்தன. சின்ன ஆய்வுதான். ஐரோப்பிய மருத்துவர்கள் 2017-ல் உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சியைத்தான். யோகா அதற்கு ஒரு படி கீழே. ஆகவே மாத்திரையை நீயாக நிறுத்தாதே, சாயங்காலம் கொஞ்சம் நடக்கவும் செய். எனக்கும் வலி போய்விடவில்லை. இப்போது படி இறங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. உன் மாமியாரையும் கூட்டி வா, அவருக்கும் முழங்கால் வலி என்று கேள்வி. மறக்காமல் சுடிதார் எடுத்து வை. சேலையோடு நாற்காலியில் காலைத் தூக்கி வைக்க முடியாது.

உன் பெரியம்மா