எளிய காரணத்தை முதலில் நோக்குக

பழுது ஒன்று நேர்ந்தவுடன் அதன் காரணத்தைத் தொலைவில் தேடுவது நம் இயல்பு. பல்லாண்டுகள் வகுப்பறையில் இதனைத் தவறென்று கற்பித்த நானே அண்மையில் இத்தவற்றைச் செய்தேன்.

எங்கள் சமையலறைக் குழாயில் நீர்வரத்து நாளுக்கு நாள் குறைந்து, நூல்போல் ஒழுகலாயிற்று. மாடியில் குடியிருக்கும் அம்மையார் நீரை மிகுதியாகச் செலவிடுகிறார் என்று எண்ணினேன். அவரிடம் கடிந்தும் பேசினேன். அவர் மறுமொழி கூறாது உள்ளே சென்றார். பின்னர்ச் சுவரை உடைத்துப் புதுக்குழாய் பதிக்கக் கூலியும் பேசி முடித்தேன். விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, "பாட்டி, குளியலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் நன்றாக வருகிறதே?" என்றாள். இரண்டிற்கும் தொட்டி ஒன்றே. அவ்வாறாயின் பழுது தொட்டியிலும் இல்லை, அம்மையாரிடத்திலும் இல்லை. குழாயின் வாயைத் திருகிக் கழற்றினோம். உள்ளிருந்த சிறு சல்லடை, சுண்ணப் படிவாலும் மணலாலும் அடைபட்டிருந்தது.

இதன் காரணம் எளிது. 10 மீட்டர் உயர நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு அழுத்தம் தரும். வீட்டு மாடித் தொட்டியின் உயரம் அதனினும் குறைவு. ஆதலின் சிறு அடைப்பும் நீரைத் தடுத்துவிடும். கடின நீரில் கரைந்துள்ள சுண்ணச்சத்து, நீர் உலருந்தோறும் சல்லடையில் வெண்படிவாகத் தங்குகிறது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துத் தேய்த்தால் அப்படிவு கரையும்.

ஆராயும் முறை வருமாறு:

1. எல்லாக் குழாய்களிலும் குறைவா, ஒன்றில் மட்டுமா என்று காண்க.
2. ஒன்றில் மட்டுமாயின், அதன் சல்லடையையும் வால்வையும் பார்க்க.
3. எல்லாவற்றிலும் எனில், தொட்டியின் நீர்மட்டத்தையும் வெளிவாய் வால்வையும் பார்க்க.
4. இவற்றில் குறை இல்லையெனில் மட்டுமே சுவரைத் தொடுக.

தேவையின்றிக் காரணங்களைப் பெருக்கலாகாது என்னும் நெறி, இங்கிலாந்தில் பிறந்து 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓக்காம் வில்லியம் என்னும் துறவியின் பெயரால் வழங்குகிறது. எளிய காரணமே எப்போதும் உண்மை என்பது இதன் பொருளன்று. செலவும் சேதமும் இன்றி அதனைச் சோதிக்கலாம். ஆதலின் அது முதலில் நிற்கத் தக்கது.

சல்லடையைத் துலக்க அரைமணி நேரம் ஆயிற்று. மாடிப்படி ஏறி அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. அவர் தேநீர் தந்து, தம் குழாயின் சல்லடையையும் பார்த்துத் தருமாறு கேட்டார்.

பயிற்சி: உங்கள் இல்லத்தில் சோதித்துப் பாராமல் பிறர்மேல் ஏற்றிய பழுது ஏதேனும் உண்டா? அதன் எளிய காரணங்கள் மூன்றை எழுதிப் பார்க்க.