ஆங்கிலம் படிப்போம்: சம்பளத் துண்டில் உள்ள சொற்கள்

சம்பள நாளன்று லயத்து வாசலில் ஒரு அக்கா துண்டை நீட்டி, "தம்பி, இவ்வளவு பேர் போட்டும் ஏன் காசு கொறையுது? எங்க வெட்டுறாங்க?" என்று கேட்டார். பதில் துண்டிலேயே இருந்தது, ஆனால் இங்கிலீஷில் இருந்தது. இம்முறை அந்தச் சொற்களையே படிப்போம். உங்கள் துண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டாம். 'லைன்' என்பதை லயம் ஆக்கியவர்கள், 'பரேட்' என்பதைப் பெரட்டு ஆக்கியவர்கள் நாம்.

'கிராஸ்' என்றால் வெட்டுமுன் உள்ள மொத்தச் சம்பளம். 'நெட்' என்றால் எல்லாம் வெட்டியபின் கையில் கிடைப்பது. மீன் வலைக்கும் நெட் என்றுதான் பெயர், இங்கே அந்த அர்த்தம் இல்லை. நடுவில் கழிவது 'டிடக்‌ஷன்'.

'அட்வான்ஸ்' எல்லாருக்கும் தெரியும், தீபாவளிக்கு வாங்குகிறோமே! அதற்குப் பக்கத்தில் 'பேலன்ஸ்' என்றிருந்தால் நாம் இன்னும் கட்டவேண்டிய மிச்சம். வங்கிப் புத்தகத்தில் அதே பேலன்ஸ் நம்ம காசு. இடம் பார்த்து அர்த்தம் எடுக்க வேண்டும். 'அரியர்ஸ்' என்பது பிந்தி வரும் நிலுவை.

அடுத்த இரண்டு சொற்கள்தான் ஆளைக் குழப்பும். 'எம்ப்ளோயீ' என்றால் வேலை செய்பவர், அதாவது நாம். 'எம்ப்ளோயர்' என்றால் வேலை கொடுப்பவர், அதாவது தோட்டம். 'ஈ' என்று முடிகிறதா, 'அர்' என்று முடிகிறதா பாருங்கள்.

ஈ.பி.எப். என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி. அதில் எம்ப்ளோயீ பங்கு ஆகக் குறைந்தது 8 வீதம், எம்ப்ளோயர் பங்கு 12 வீதம். கணக்குக்குரிய சம்பளம் 20,000 ரூபாய் என்றால் நம்மிடம் 1,600 வெட்டுவார்கள், தோட்டம் 2,400 போட வேண்டும். மாதம் 4,000 நம்ம பெயரில் சேரும். வெட்டிய காசு தொலைந்துபோகவில்லை. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம்.

ஈ.டி.எப். வேறு. 1980இல் சட்டமான அந்த நிதிக்கு 3 வீதத்தையும் தோட்டமே கட்ட வேண்டும். அது டிடக்‌ஷன் பக்கத்தில் இருந்தால் ஆபீசில் கேளுங்கள்.

கடைசியாக 'மெம்பர் நம்பர்', அதாவது அங்கத்துவ இலக்கம். அதையும் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், துண்டில் இன்னொரு பெயர் என்றால் காசு எடுக்கும் நாளில்தான் அலைச்சல்.

அக்காவின் துண்டில் ஒரு எழுத்து மாறித்தான் இருந்தது. மறுநாள் கொழுந்து நிறுத்ததும் அடையாள அட்டையோடு ஆபீசுக்குப் போய்விட்டார்.