ஆவியழுத்தத்தில் பதனிடத் தகுந்த புட்டிகள்

வானகரத்துக்குக் கிழக்கே, கோயம்பேட்டில் 1996-ஆம் ஆண்டு முதல் பேரங்காடி நடந்து வருகிறது. பீன்ஸும் பட்டாணியும் அங்கே மலிந்து கிடக்கும் நாட்களில், அவற்றை வாங்கிப் புட்டிகளில் அடைத்து வைக்கும் எண்ணம் நம் அங்கத்தினர் இல்லங்களில் எழுவது இயல்பே. விளைவிப்போருக்கும் இது பயன்படக்கூடிய முயற்சியாகும். ஆயினும் எந்தப் புட்டியில் அடைப்பது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

ஊறுகாயையும் ஜாமையும் புளிப்பும் உப்பும் சர்க்கரையுமே காக்கின்றன. அவற்றுக்குத் தூய்மையான எந்தப் புட்டியும், ஏன், பாட்டி காலத்துப் பரணியும் போதும். காய்கறி, மீன், இறைச்சி ஆகியவற்றின் நிலை வேறு. புளிப்புக் குறைந்த இப்பொருள்களில் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி செண்டிகிரேடில் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. காற்றில்லாப் புட்டியினுள் அவை முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சைத் தோற்றுவிக்கின்றன. உணவின் நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம். ஆதலால் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு ஆவியழுத்தத்தில், ஏறத்தாழ 116 டிகிரியில், உணவுக்கேற்ற நேரம் சூடேற்றுவது இன்றியமையாதது. கடல் மட்டத்தை ஒட்டிய நம் பகுதிக்கு இவ்வழுத்தம் போதும். உதகமண்டலத்திலோ 15 பவுண்டு வேண்டும். இதற்கெனச் செய்த பெரிய கலத்தையே கொள்க. சமையலறைச் சிறு குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடுவதால், குறித்த நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

தடித்த கண்ணாடியே உறுதியானது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. கண்ணாடி தடிக்கத் தடிக்க உள்ளும் புறமும் வெவ்வேறு அளவில் விரிந்து வெடிக்க இடமுண்டு. அழகுக்காகச் சதுரமாகச் செய்த புட்டிகளும், ஜாம் அல்லது பானப்பொடி அடைத்து வந்த பழம் புட்டிகளும் இவ்வேலைக்கு ஆகா.

புட்டியின் வாயும் மூடியுமே பிரதானம். அமெரிக்கராகிய ஜான் மேசன் 1858-இல் உரிமை பெற்ற திருகுவாய்ப் புட்டியின் வழிவந்தவையே இன்றும் ஏற்றவை. இவற்றின் மூடி இரு பகுதிகளாலானது: ஓரத்தில் ரப்பர் போன்ற பூச்சுள்ள தட்டையான தகடு ஒன்று, அதனை இறுக்கும் திருகு வளையம் மற்றொன்று. சூடேறும்போது உட்காற்று வெளியேறுகிறது. ஆறும்போது தகடு உட்குழிந்து இறுகுகிறது. வளையத்தைப் பலமுறை பயன்படுத்தலாம், தகட்டை ஒருமுறைதான். ஆகவே புதுத் தகடு கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே புட்டி வாங்குக.

வாங்குமுன் வாயின் விளிம்பைச் சுற்றி மெதுவாக விரலை ஓட்டிப் பார்த்தல் நன்று. சிறு சில்லு பெயர்ந்திருப்பினும் காற்று புகும். காய்கறிக்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட புட்டி வேண்டாம். மீனுக்கு அரை லிட்டர் போதும். பெரிய புட்டியின் நடுப்பகுதிக்குச் சூடு எட்டத் தாமதமாகும். சூடான உணவைச் சூடான புட்டியிலேயே நிரப்பி, மேலே ஓர் அங்குலம் காலியிடம் விடுக.

ஒரு நாள் கழித்துத் தகட்டின் நடுவை அழுத்துக. அது மேலெழுந்தால் புட்டி இறுகவில்லை. முதல் நாள் முழுவதும் அது வெளியிலேயே இருந்தமையால், உள்ளிருப்பதை உண்ணாது எறிந்துவிடுக.