வீட்டுத் தபால் பெட்டியும் நமது நோட்டீசும்

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியதும் நம் மங்கலம்பேட்டைக் கடைகளில் நோட்டீஸ் அச்சடிக்கும் வேலை தொடங்கிவிடும். கடைப் பையன் தெருத் தெருவாகச் சென்று வீட்டுவாசல் தபால் பெட்டிகளில் போட்டு வருவான். சில சமயம் பாக்கிச் சீட்டும் அதே வழியில் போகிறது. இதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்பதை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது நலம்.

அமெரிக்காவில் இது குற்றம். தபால் செலவைத் தவிர்க்கும் நோக்கத்துடன், தலை ஒட்டாத கணக்குச் சீட்டையோ விளம்பரத் தாளையோ வீட்டுப் பெட்டியில் போட்டால் அபராதம் உண்டு. 1934-ல் வந்த இந்தச் சட்டம் செல்லும் என்று 1981-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் கட்டுப்பாடு பெட்டிக்கு அல்ல, கடிதத்துக்கே இருந்தது. 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 4-வது பிரிவு, கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. அதற்கு மூன்று விலக்குகள் இருந்தன:

1. கூலி வாங்காமல் நண்பர் கொண்டு செல்லும் கடிதம்.
2. சொந்தக் காரியமாகத் தனி ஆள் மூலம் அனுப்பும் கடிதம்.
3. சரக்கைப் பற்றி, சரக்குடனேயே கூலியின்றிச் செல்லும் கடிதம்.

நம் பாக்கிச் சீட்டை நம் கடைப் பையன் கொண்டுபோனது இரண்டாவது விலக்கில் அடங்கும். கூலிக்குப் பிறர் கடிதம் சுமப்பதே தவறாக இருந்தது.

2023-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 18.6.2024 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டமும் அந்தத் தனியுரிமையும் நீங்கின. தபால்தலை வெளியிடும் தனியுரிமை மட்டும் அஞ்சல் துறையிடம் உள்ளது.

ஆனால் பெட்டியில் போடலாம் என்பது வேறு. போய்ச் சேர்ந்ததை நிரூபிப்பது வேறு. வாடிக்கையாளரின் செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பணம் கேட்க வேண்டும். அந்த நோட்டீசைப் பையன் பெட்டியில் போட்டு வந்தால், "எனக்கு வரவில்லை" என்ற ஒரு சொல்லில் நம் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். பதிவுத் தபால் 1.9.2025 முதல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுள்ளது. எனவே தபால் நிலையத்தில் விசாரித்து, பதிவு வசதியுடன் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துக.

பாக்கிச் சீட்டை மடித்து ஒட்டிய உறையில் அனுப்புவதும் அவசியம். வீட்டிலுள்ள பிறர் கண்ணில் பட்டால் கடனும் வராது, வாடிக்கையும் போகும். நோட்டீஸ் வேண்டாம் என்று சொன்ன வீட்டில் மீண்டும் போடாதிருப்பதே வியாபார மரியாதை.