தோப்பு வேறு, காடு வேறு

 

சுங்கை பஞ்சாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு மரங்கள் புதியன அல்ல. நம் பாட்டன் பாட்டியர் விடியுமுன் விளக்கேந்திச் சென்று ரப்பர் மரத்தில் பால் வெட்டினர். நம் தாய் தந்தையர் செம்பனைக் குலை அறுத்து நம்மை வளர்த்தனர். வீட்டு முற்றத்திலே தென்னையும் முருங்கையும் நிற்கின்றன. இருப்பினும், நம்முள் பலர் காட்டைக் கண்டதில்லை என்று சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். தோட்டத்தில் நாம் நாள்தோறும் காண்பது தோப்பு. தோப்பு வேறு, காடு வேறு. இவ்வேறுபாட்டை ஏட்டில் படித்து அறிவதைவிடக் காலால் நடந்து அறிவது எளிது. ஆகவே, வானளாவிய மரங்கள் நிற்கும் தொல்காடு ஒன்றினுள் சற்று நடந்து வருவோம், வாருங்கள்.

எங்கே செல்வது?

தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய காப்புக் காடு தாமான் நெகாரா. பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது விரிந்து கிடக்கிறது. காட்டு விலங்குகளைக் காக்கவேண்டும் என்று தியோடர் ஹபேக் என்பவர் பல ஆண்டுகள் வாதாடியதன் பயனாக, 1938, 1939 ஆகிய ஆண்டுகளில் இது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னர் தாமான் நெகாரா என்னும் பெயரைப் பெற்றது. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய 2,187 மீட்டர் தாஹான் மலை இதனுள்ளே உள்ளது.

இக்காட்டின் வயது 13 கோடி ஆண்டுகள் என்று பரவலாகக் கூறப்படுகிறது. அது ஒரு மரத்தின் வயதன்று. காடு என்னும் பெருங்குடும்பத்தின் வயது. ஜெராண்டுட் பட்டணத்தைக் கடந்து கோலா தாஹானை அடைந்தால், அங்கிருந்து காட்டுப் பாதைகள் தொடங்குகின்றன.

புறப்படுமுன் அறிய வேண்டியவை

காட்டில் நடப்பதற்கும் சில முறைகள் உண்டு. ஆண்டின் இறுதி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கடுமையாக இருக்கும். மழை குறைந்த மாதங்களே நடைக்கு ஏற்றவை. வழிகாட்டியுடன் செல்லுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். முழுக்கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, பிடிப்புள்ள காலணி, போதிய குடிநீர், ஊதுகுழல் ஆகியவை வேண்டும். அட்டைகளைக் கண்டு அலற வேண்டா. அவற்றிற்கு நஞ்சில்லை. புகையிலை நீரையோ உப்பையோ கொண்டு அவற்றை விரட்டுவதை உங்கள் தாத்தா பாட்டியரிடமே கேட்டறியலாம்.

காற்றும் மழையும் வலுத்தால் பட்டுப்போன கிளையின் கீழ் நிற்றல் கூடாது. பெருங்காட்டில் புலியைவிட முறிந்து விழும் கிளைக்கே அதிகம் அஞ்ச வேண்டும். அக்காட்டில் பாதேக் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய வீட்டு வாசலுக்கு நாம் விருந்தினராகச் செல்கிறோம் என்பதை மறவாமல், பணிவுடன் பழக வேண்டும். இசைவு பெறாமல் படம் பிடித்தல் ஆகாது.

அடிமரத்தைப் பாருங்கள்

காட்டினுள் நுழைந்ததும் முதலில் உணர்வது குளிர்ச்சி. பிறகு மெல்லிய இருள். உச்சியில் விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரையை வந்து சேர்கிறது. ஆதலால், தோட்டத்தில் முளைப்பதுபோல் களையும் புல்லும் இங்கே மண்டுவதில்லை. பாதை ஓரத்தில் ஓர் அடி உயரமுள்ள மரக்கன்றுகள் நிற்கக் காண்பீர்கள். 'சிறு கன்று' என்று எண்ணிவிடாதீர்கள். சில கன்றுகள் ஒளி கிட்டும் நாளை எதிர்பார்த்துப் பல ஆண்டுகளாக அதே உயரத்தில் காத்திருப்பவை. முதுமரம் ஒன்று சாய்ந்து வானம் திறந்தால்தான் அவற்றுக்கு வளரும் காலம் வரும்.

இதோ, துவாலாங் மரம்! அதன் அடியில் சுவர்போல் எழுந்து நிற்பவை பலகை வேர்கள். பத்து மாணவர் கைகோத்து நின்றாலும் சுற்றி வளைப்பது கடினம். காட்டு மண்ணில் உரமெல்லாம் மேற்பரப்பிலேயே இருப்பதால், வேர்கள் ஆழமாக இறங்குவதைவிட அகலமாகவே பரவுகின்றன. அவ்வளவு உயர்ந்த மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் முட்டுச்சுவரே இப்பலகை வேர். விழுந்த இலை விரைவில் மட்கி, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளின் உதவியால் மீண்டும் மரத்திற்கே உணவாகிறது. நம் செம்பனைக்கு மூட்டை மூட்டையாக உரமிடுகிறோம். காட்டுக்கு உரமிடுபவர் எவர்? காடு தனக்குத்தானே உரமிட்டுக் கொள்கிறது. மரங்களை அழித்தால் அந்தச் சுழற்சி அறுந்து, மண் விரைவில் வறண்டுவிடும்.

தலையை உயர்த்திப் பாருங்கள்

துவாலாங் மரம் 80 மீட்டர் வரையிலும் வளரக்கூடியது. வளர்ந்த தென்னை மூன்றினை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் அவ்வுயரம் கிட்டும். இது நம் புளியும் கொன்றையும் அவரையும் சேர்ந்த அதே பெருங்குடும்பத்து மரம் என்று தாவர நூலார் கூறுவர். வழுவழுப்பான அடிமரத்தில் கரடி ஏறுவது அரிது. அதனால்தான் மலைத்தேனீக்கள் இதன் கிளைகளைத் தேர்ந்து கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் நூறு கூடுகள் தொங்குவதும் உண்டு.

இதனினும் உயர்ந்தது சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் நிற்கும் மஞ்சள் மெராந்தி மரம். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உண்டிங் ஜாமி என்பவர் அதன் உச்சிவரை ஏறி, அளவு நாடாவைத் தொங்கவிட்டு அளந்தார். உயரம் 100.8 மீட்டர்! கோபுரம் என்னும் பொருள்பட அம்மரத்திற்கு 'மெனாரா' என்று பெயரிட்டனர்.

இம்மரங்களின் வயது என்ன? குளிர்நாட்டு மரங்களை அறுத்தால் ஆண்டுக்கொரு வளையம் காணலாம். நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் இருப்பதால் வளையங்கள் தெளிவாக அமைவதில்லை. வளரும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், பெருமரங்கள் பல நூற்றாண்டுகளைக் கண்டவை என்று அறியலாம். ரப்பரையும் செம்பனையும் நாம் ஏறக்குறைய 25 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்கிறோம். அரிவாள் எட்டாத உயரத்திற்குச் செம்பனை வளர்ந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. ஒரு தொழிலாளி தம் வாழ்நாளில் ஒரு தோட்டம் இருமுறை நடப்படுவதைக் காணலாம். பெருமரம் ஒன்று நட்டு, வளர்ந்து, முதிர்வதை எவராலும் காண முடியாது.

விதையின் கதை

'மரத்தை வெட்டினால் என்ன? விதை விழுந்து மீண்டும் முளைக்காதா?' என்று கேட்பவர் உண்டு. மெராந்தி, கெருயிங், செங்கால், கற்பூர மரம் முதலியன ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் பலவற்றின் காய்களுக்குச் சிறகுகள் உண்டு. அவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடே ஒன்றுகூடி முடிவு செய்ததுபோல் பற்பல மரங்கள் ஒரே காலத்தில் பூத்துக் குலுங்குகின்றன. அத்தனை உயரத்துப் பூக்களில் மகரந்தத்தைச் சேர்ப்பது யார்? மெராந்தி இனங்கள் சிலவற்றில் நெற்பயிரில் நாம் காணும் இலைப்பேனை ஒத்த சிற்றுயிர்களே அதைச் செய்கின்றன என்று அப்பண்ணா, சான் என்னும் இரு ஆய்வாளர்கள் 1981ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர்.

அதே 1981ஆம் ஆண்டில்தான் நம் செம்பனைத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்பட்டது. அதற்குமுன், மகரந்தத் தூளைப் பூவில் கையால் தூவும் வேலையைத் தோட்டத் தொழிலாளர்களே செய்து வந்தனர். தோப்பில் மனிதன் செய்ய வேண்டியிருந்த வேலையைக் காட்டில் சிற்றுயிர்கள் கூலியின்றிச் செய்து வந்துள்ளன!

அவ்விதைகளில் பெரும்பாலானவை தாய்மரத்தின் அருகிலேயே விழுகின்றன. உலர்த்தி வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்றால் அதுவும் இயலாது. சில நாள்களிலோ வாரங்களிலோ முளைத்தாக வேண்டும், இல்லையேல் அழிந்துவிடும். தாய்மரம், சிற்றுயிர், நிழல், ஈரம், பூஞ்சை ஆகியவை ஒருங்கே இருந்தால்தான் ஒரு கன்று உயிர்தரிக்கும். சுற்றியிருந்த காட்டை அழித்துவிட்டு, பெருமரத்தை மட்டும் தனியே விட்டு வைத்தாலோ? அமேசான் காட்டில் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, துண்டாடப்பட்ட காட்டின் ஓரங்களில் பெருமரங்களே விரைந்து மடிகின்றன என்று காட்டியது. காற்றும் வறட்சியும் அவற்றை வீழ்த்திவிடுகின்றன. தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் மொழி. தோப்பும் காடாகாது என்பதை நாம் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கற்பூர மரம் கற்பிக்கும் பாடம்

மேலே கூறிய கற்பூர மரம் தமிழருக்கு அயலான ஒன்றன்று. அதன் வயிரத்தில் விளைவதே, நம் கோயில்களிலும் மருத்துவத்திலும் பெயர்பெற்ற உயர்ந்த கற்பூரம். சுமத்திரா தீவின் பாருஸ் துறைமுகம் அவ்வணிகத்திற்குப் புகழ்பெற்றிருந்தது. ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அங்கே பொறித்த தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆக, ரப்பர் தோட்டத்திற்கு நம்மவர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இப்பெருமரங்களைத் தமிழர் அறிந்திருந்தனர்.

அம்மரங்களைக் காணத் தொலைதூரம் செல்ல இயலாதோர் நம் மாநிலத்துக் கெப்போங்கிற்குச் செல்லலாம். ஈயம் தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் 1920ஆம் ஆண்டுகளில் மரங்களை நடத் தொடங்கினர். 1929இல் அங்கே வன ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இன்று அங்கே நிற்கும் கற்பூர மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சிக் கிளை அடுத்த மரத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதால், வானத்தில் ஓடைகள் ஓடுவதுபோல் தோன்றும். 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வனப் பூங்காவை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பாழ்நிலத்தையும் பசுமையாக்கலாம் என்னும் நம்பிக்கையைக் கெப்போங் தருகிறது. அதற்கு அறிஞர் பலரின் உழைப்பும் நூறாண்டுக் காலமும் தேவைப்பட்டன என்னும் எச்சரிக்கையையும் அதுவே தருகிறது.

நம் வயலுக்குப் பின்னால் ஒரு காடு

நம் வட்டாரத்து நெல்வயல்களுக்குக் கிழக்கே, ராஜா மூசா, சுங்கை காராங் என்னும் காப்புக் காடுகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து 70,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்புக் காடு. துவாலாங்கின் உடன்பிறப்பான கெம்பாஸ் மரம் அங்கே வளர்கிறது. நீர் தேங்கியிருப்பதால் விழுந்த இலைகளும் கட்டைகளும் முழுமையாக மட்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து கறுத்த மண்ணாகியுள்ளன. மலாய்மொழியில் இதனைக் 'கம்புட்' என்பர். அங்கு ஓடும் நீர் பால் கலவாத தேநீரின் நிறமுடையது. இம்மண் பஞ்சைப் போல மழைநீரை உறிஞ்சி வைத்து மெல்ல விடுவிக்கிறது. தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தின் ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் நெல்வயல்களுக்கு அக்காடு துணைநிற்கிறது. நாம் உண்ணும் ஒரு பிடிச் சோற்றில் அக்காட்டின் பங்கும் இருக்கிறது.

அக்காட்டின் பெருமரங்களை முற்காலத்தில் வெட்டி, அவற்றை வெளியே மிதக்கவிடக் கால்வாய்கள் தோண்டினர். கால்வாய் வழியே நீர் வடிந்ததால் மண் உலர்ந்தது. உலர்ந்த கம்புட் மண் பலமுறை தீப்பற்றியது. அத்தீ மண்ணுக்கடியிலேயே ஊர்ந்து செல்லும், வாரக்கணக்கில் புகையும். அப்புகைமூட்டத்தால் நம் குழந்தைகள் இருமியதை நாம் அறிவோம். 1990இல் அரசு அதனைக் காப்புக் காடாக அறிவித்தது. 2008 முதல் வனத்துறையினரும் பொதுமக்களும் கால்வாய்களை அடைத்து, நீரைத் தேக்கி, மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர்.

அன்பிற்குரியோரே! வெயில் காலத்தில் வயல் ஓரத்திலும் காட்டு ஓரத்திலும் குப்பை கொளுத்தாதீர்கள். சுருட்டுத் துண்டை அணைக்காமல் எறியாதீர்கள். ஒரு பொறி போதும். நூறாண்டு வளர்ந்தது ஒரு வாரத்தில் சாம்பலாகும். பிள்ளைகளை ஆண்டில் ஒரு நாளேனும் பெருமரங்களின் நடுவே அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்து மரத்தை நாம் நட்டோம். அதை மீண்டும் நடவும் நம்மால் முடியும். காட்டு மரம் நமக்கு முன்னோர் காலத்திலிருந்து வந்தது. அதைப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதே நம் கடமை.

சிந்தித்து விடை கூறுக

1. காட்டு மண்ணுக்கு எவரும் உரமிடாதபோதும் பெருமரங்கள் வளர்வது எவ்வாறு?
2. மெராந்தி விதையைச் சேமித்து வைத்து விதைக்க இயலாதது ஏன்?
3. கெப்போங் வனப் பூங்கா தரும் நம்பிக்கை யாது? எச்சரிக்கை யாது?
4. உங்கள் வீட்டில் மூத்தோரிடம் கேட்டு, அவர்கள் இளமையில் கண்ட காட்டைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.